பெட்டி நின்றது, தெரு திரும்பியது

கோயமுத்தூரில் ஆவாரம்பாளையத்தை ஒட்டிப் பம்புக்காரர் வீதி என்றொரு முட்டுச்சந்து உண்டு. லேத்துச் சத்தத்தில் விழித்து வார்னிஷ் வாசனையில் தூங்கும் அந்தச் சந்தில் பிறந்த ஒவ்வொரு மோட்டாரும் வாசலைத் தாண்டுவதற்கு முன்னால் ஒரு சோதனையைத் தாண்டியாக வேண்டும்: ஓடுகிற மோட்டாரின் முதுகில் ஒற்றை ரூபாய்க் காசை விளிம்பில் நிறுத்துவார்கள்; காசு நின்றால் நல்ல மோட்டார், விழுந்தால் பிரித்துப் போட்டு மறுபடியும் முதலிலிருந்து. அந்தச் சந்தில்தான் நானும் திருமூர்த்தியும் நான்கு வருஷமாக டிபன் கேரியர் அளவில் ஒரு செயற்கைக்கோள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தோம், அந்தச் சந்தில்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பெட்டி திரும்பாமல் தெரு திரும்பியது.

திரும்புவது என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை வறண்டது. வானத்தில் கையூன்றித் திரும்பச் சுவர் கிடையாது, தூண் கிடையாது, தரையே கிடையாது. ஆகவே பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரத்தை வைத்து, அதை வலப்பக்கம் சுழற்றினால், பெட்டி இடப்பக்கம் திரும்பும், சக்கரத்தை நிறுத்தினால் பெட்டியும் நிற்கும். அவ்வளவுதான் விஷயம். அந்தச் சக்கரத்தையும் அதை ஓட்டுகிற மோட்டாரையும் செய்வதுதான் எங்கள் வேலை, செய்ததைக் காற்று மேடையில் மிதக்கவிட்டுப் பார்ப்பது எங்கள் சோதனை. மேடை என்பது ஒரு குழிந்த கிண்ணம். அதற்கும் பெட்டியைத் தாங்கும் அரைப்பந்துக்கும் நடுவில் காற்றை ஊதினால் பெட்டி எதையும் தொடாமல் நிற்கும், மின்விசிறியைப் போட்டால்கூடச் சுற்றிவிடும் என்பதால் வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்திருப்போம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, சூரியனுக்குப் பதிலாக மூலையில் வைத்திருந்த பெரிய விளக்கைப் பார்த்துத் திரும்பு என்று கட்டளை கொடுத்தோம், சக்கரம் சுழன்றது, பெட்டி அழகாக, தயக்கமில்லாமல், கால் வட்டம் திரும்பி விளக்குக்கு நேராக வந்து நின்றது. திருமூர்த்தி என்னைக் கட்டிப்பிடிக்காத குறை. மைசூர்பா வாங்கி வருகிறேன் என்று ஷட்டரைத் தூக்கினான், தூக்கியவன் அப்படியே நின்றான், ஏனென்றால் வடக்குப் பார்த்த எங்கள் ஷெட்டில், கட்டிய நாளிலிருந்து வெயிலே விழாத எங்கள் ஷெட்டில், காலை வெயில் முழங்கால் உயரத்துக்கு உள்ளே வந்து கிடந்தது.

வெளியே வந்து பார்த்தோம். சந்தின் வாய் மெயின் ரோட்டைப் பார்த்து இருக்கவேண்டியது, பழைய மில்லின் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து இருந்தது. வீடுகள், பட்டறைகள், மின்கம்பங்கள், வேப்பமரம், அதன் கீழே படுத்திருந்த நாய், எல்லாம் ஒன்றுக்கொன்று இருந்த இடத்தில் இருந்தபடியே மொத்தமாகக் கால் வட்டம் திரும்பியிருந்தன. தண்ணீர்க் குழாய் எங்கும் உடையவில்லை. உள்ளே ஓடிப்போய்ப் பெட்டிக்குள் இருக்கும் ஜைரோ என்ன சொல்கிறது என்று பார்த்தேன். ஜைரோ என்பது, பெட்டி திரும்பினால் எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்று எண்ணிச் சொல்லும் கருவி. அதற்குப் பொய் சொல்லத் தெரியாது. பூஜ்யம் என்றது. தொடக்கம் முதல் முடிவு வரை பூஜ்யம். பெட்டி இம்மிகூடத் திரும்பவில்லை. அதைச் சுற்றி விளக்கும், சுவரும், நானும், திருமூர்த்தியும்தான் திரும்பியிருந்தோம்.

"ஒண்ணுமில்லீங்க அம்மிணி," என்றார் பூபதி அண்ணன், பக்கத்து லேத்துப் பட்டறைக்காரர், எங்கள் சக்கரத்தைக் கடைந்து கொடுத்தவர், சந்தில் யாருக்கு எந்த மோட்டார் மக்கர் பண்ணினாலும் முதலில் கூப்பிடப்படுபவர். "மூணு வயருல ரெண்ட மாத்திப் போடுங்க. சரியாப் போயிரும்."

போட்டோம். தெரு மறுபக்கம் திரும்பி, பழைய இடத்தில் வந்து நின்றது. "பாத்தீங்களா?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

சரியாகப் போனது அவருக்கு. எனக்கு? நான்கு வருஷம் காத்து ராக்கெட்டில் எங்களுக்கு ஓரிடம் கிடைத்திருந்தது, கைக்குட்டை போட்டுப் பிடித்த பஸ் சீட்டு மாதிரி. ஆடி பிறப்பதற்குள் பெட்டி திரும்பும் என்று காட்டாவிட்டால் அந்த இடம் வேறொரு பெட்டிக்குப் போய்விடும், இன்னொரு இடம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. சோதனையைப் படம் பிடித்து அனுப்பினேன். ராக்கெட்காரர்களின் ஆபீஸிலிருந்து ஒருவர் கூப்பிட்டார்.

"படம் பிரமாதம் மேடம். ஆனா ஜைரோ ஏன் பூஜ்யம்?"

"தெரு திரும்புது சார்."

"தெருவை நாங்க ஏத்தப்போறதில்லையே மேடம். பெட்டிதானே திரும்பணும்?" என்றவர், ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம் என்பதையும் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தார். போனை மேடைமேல் எறியலாம் என்று வந்தது. எறிந்தால் தெருதான் ஆடும் என்று விட்டுவிட்டேன்.

ஒரு கல்லூரி ஆய்வகத்தில் காற்று மேடை இருந்தது. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். அங்கே கல்லூரி திரும்பியது. பெண்கள் விடுதியின் ஜன்னல்கள் சாலைக்கு அப்பால் இருந்த ஆண்கள் விடுதியைப் பார்த்து வந்து நின்றதும் முதல்வர் பழையபடி திருப்பச்சொல்லி, திருப்பிய உடனே, வந்த ஆட்டோவிலேயே எங்களை ஏற்றிவிட்டார். ஆக, பிடிவாதம் தெருவுக்கு இல்லை, பெட்டிக்கு. சக்கரத்தை மாற்றினோம், மோட்டாரை மாற்றினோம், நிரலைத் துடைத்து மறுபடி எழுதினோம். ஒருநாள் திருமூர்த்தி பெட்டிக்கு அருகில் தும்மியதில் தெரு ஒரு ஜாண் நகர்ந்தது.

இதற்குள் தெரு பழகிவிட்டது. பழகினது மட்டுமா, ருசியும் கண்டுவிட்டது. வாசல் தெற்குப் பார்த்ததால் வாடகைக்கு ஆள் வராமல் கிடந்த வீடுகளில் வெள்ளிக்கிழமை தோறும் வாசலைக் கிழக்கே திருப்பிவைத்து ஆள் பிடித்தார்கள். வத்தல் போடுகிறவர்கள் காலையில் ஒரு வெயிலும் மாலையில் ஒரு வெயிலும் கேட்டார்கள். மேற்கு வெயிலில் வெந்த பட்டறைக்காரர்கள் மத்தியானம் மூன்று மணிக்கு மேல் திருப்பிவிடச் சொன்னார்கள். ராகு காலத்தில் திருப்பக்கூடாது என்று ஒரு கட்சி, பால்காரர் வந்துபோகும்வரை திருப்பக்கூடாது என்று ஒரு கட்சி, லாரி லோடு ஏற்றும் நேரத்தில் சந்தின் வாய் மெயின் ரோட்டில் இருந்தே தீரவேண்டும் என்று பூபதி அண்ணன். நாங்கள் தோற்கிற ஒவ்வொரு சோதனையும் அவர்களுக்கு ஒரு வசதி. பூனைக்குக் கொண்டாட்டம், எலிக்குத் திண்டாட்டம். நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும்போது ஷட்டரைத் தட்டி, "அம்மிணி, இன்னைக்கு டெஸ்ட் இல்லீங்களா? ஊட்ல துணி காயல" என்பார்கள்.

ஹபீபுல்லா பாய் ஒருவர்தான் தெருவைத் திருப்பச் சொல்லிக் கேட்காதவர். ரீவைண்டிங் கடை வைத்திருக்கும் அவர்தான் எங்கள் பெட்டிக்குச் செப்புக் கம்பிக் காயில் சுற்றிக் கொடுத்தார். தெரு எந்த நேரத்தில் எந்தப் பக்கம் நிற்கும் என்று தெரியாமல் போனதிலிருந்து, தொழுகைக்கு முன்னால் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, அசையாமல் நிற்கிற பெட்டியை ஒருமுறை பார்த்து, அதன் எந்த மூலை மேற்கு என்று குறித்துக்கொண்டு, அங்கிருந்து தன் திசையை எடுத்துக்கொண்டு போவார். "சந்துல தெச தெரிஞ்சது இது ஒண்ணுதாம்மா," என்பார். அவர் நல்ல மனசோடு சொன்னார், எனக்குத்தான் அழுகை வந்தது.

பெட்டி ஏன் திரும்பவில்லை என்பது தற்செயலாகத்தான் தெரிந்தது. பூபதி அண்ணன் பட்டறையில் ஒரு புது பம்புக்குப் பூஜை. சந்தனம் வைத்து, எலுமிச்சம்பழம் சுற்றி, மோட்டாரை ஓடவிட்டு, முதுகில் காசை நிறுத்தி, அதன் தலையில் கைவைத்து அவர் சொன்னார்: "நின்ன எடத்துல நின்னு ஓடோணும் சாமி. அசையப்படாது." எத்தனையோ தடவை காதில் விழுந்த வாழ்த்துதான். அன்றைக்கு அது என் காதில் வேறு மாதிரி விழுந்தது.

"அண்ணா, எங்க சக்கரத்தைக் கடையும்போது என்ன சொன்னீங்க?"

"என்னத்தைச் சொல்றது? எப்பவும் சொல்றதுதான்."

ஓடினேன். ஹபீபுல்லா பாய், காயிலைச் சுற்றி முடித்து வார்னிஷில் முக்கும்போது, அசையாமல் ஓடு ராஜா என்று சொல்லியிருந்தார். சக்கரத்தை பாலன்சிங் பண்ணிக்கொடுத்த ஜமுனா அக்கா, கணவர் விட்டுப்போன மெஷினைத் தனியாளாக ஓட்டி இந்தச் சந்தில் ஒரு மோட்டார்கூட உதறாமல் பார்த்துக்கொள்பவர், மூன்று தடவை சொல்லியிருந்தார், சின்னச் சக்கரம் என்பதால் பாவமாக இருந்ததாம். கடைசியில் ஷெட்டுக்கு வந்தால் திருமூர்த்தி தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறான்.

"நீயுமா?"

"மூடியைப் பூட்டறப்ப சும்மா வாய்ல வந்துருச்சு துளசி. இந்தச் சந்துல எல்லாரும் சொல்றாங்களேன்னு..."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அசையாமல் ஓடுவதே மோட்டாருக்குப் பெருமை என்று பரம்பரையாக நம்புகிற ஒரு சந்து, திரும்புவதற்கென்றே செய்த பெட்டியைக் கைக்குக் கை வாங்கி, ஆசையாக, மனசார, அசையாதே என்று வாழ்த்தி அனுப்பியிருக்கிறது. பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை மாதிரி அதுவும் நிற்கிறது.

திருமூர்த்தி சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொண்டான். ஹபீபுல்லா பாய், இனிமேல் திசைக்கு எங்கே போவது என்று ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, பெட்டியை மெல்லத் தட்டி, "போ ராஜா, உன் இஷ்டத்துக்குத் திரும்பு" என்றார். ஒன்றும் ஆகவில்லை. ஜைரோ பூஜ்யம். தெருதான் திரும்பியது.

"நாங்க சொல்றதெல்லாம் பூபதியண்ணன் சொல்லிக் குடுத்தது," என்றார் ஜமுனா அக்கா. "அவரு எடுத்தா எல்லாம் எடுத்த மாதிரி. ஆனா இப்ப எடுக்க வேண்டாம்னு நாந்தான் அவருகிட்டச் சொல்லி வெச்சிருக்கறேன். கோவிச்சுக்காத கண்ணு. ஆடி கழிச்சுப் புள்ளைக்குக் கல்யாணம், ஊட்டோடதான் வெக்கிறோம். மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க கெழக்கு வாசலாப் பாத்து ஒப்புக்கிட்டாங்க. ஒறம்பரை சனமெல்லாம் வந்து நிக்கறப்ப வாசல் தெக்க பாத்துக்கிட்டு இருந்தா நான் என்ன பதில் சொல்றது?"

"ஆடி கழிச்சா எனக்கு ராக்கெட்டே இல்லீங்கக்கா."

"வேற ராக்கெட் வராமயா போயிரும்?"

சரி, கடைசியாக ஒருமுறை அவர் வாசலைக் கிழக்கே நிறுத்திவிட்டுப் பெட்டியைச் சரிசெய்துகொள்கிறோம் என்றேன். அதற்கு அவர் சம்மதித்தார், அவர் ஒருவர் சம்மதித்தால் போதுமா? இனித் தெரு திரும்பாது என்று தெரிந்ததும், எந்தப் பக்கம் நிறுத்துவது என்று வேப்பமரத்தடியில் கூட்டம் போட்டார்கள். நாற்பது வாசலுக்கு நாற்பது கிழக்கு. ஜமுனா அக்காவுக்குக் கிழக்கானால் எதிர்வீட்டுக்கு மேற்கு, எதிர்வீட்டுக்கு வடக்கானால் அக்காவுக்குத் தெற்கு, யாருக்குக் கிழக்கானாலும் சந்தின் வாய் ரோட்டில் இருக்காது என்பதால் லாரிக்காரர்களுக்கு ஆகாது. முதல் நாள் பேசினார்கள், மறுநாளும் பேசினார்கள், அதற்கடுத்த நாள் டீ சொல்லிவிட்டுப் பேசினார்கள், ஆனி தேய்ந்துகொண்டே வந்தது.

பூபதி அண்ணனிடம் தனியாகப் போய்க் கெஞ்சினேன். லேத்தை நிறுத்தாமலே பேசினார்.

"எம்பட வயசுக்கு ஒரு மெஷினைப் பாத்து அசைன்னு சொன்னதில்லீங்க அம்மிணி. அசையற மெஷினு கெட்ட மெஷினு. வித்த பம்புக்குக்கூட ஒரு வாரம் கழிச்சுப் போன் போட்டு, காசு நிக்குதான்னு கேக்கறவன் நானு. என்னைப் போயி..."

அதற்கு மேல் எனக்குப் பொறுமை இல்லை. அன்று மத்தியானம் வத்தலுக்காகத் தெருவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, பாதியில் சக்கரத்தை நிறுத்தி, மின்சாரத்தைப் பிடுங்கி, ஷட்டரை இறக்கி உட்கார்ந்துவிட்டேன். தெரு கோணலாக நின்றது. எந்த வாசலும் எந்தத் திசையையும் பார்க்கவில்லை, எல்லாம் மூலை பார்த்து நின்றன. மொட்டை மாடிகளில் சுவர் நிழல் விழுந்தது. சந்தின் வாய் மில் சுவரில் முட்டிக்கொண்டிருந்ததால் லாரிகள் மெயின் ரோட்டில் ஹாரன் அடித்துவிட்டுத் திரும்பிப் போயின. ஷட்டரை எல்லாரும் தட்டினார்கள். கல்நெஞ்சுக்காரி என்றார்கள். திருமூர்த்தி பயந்தான். நான் திறக்கவில்லை.

ஆனி முடிய ஒரு நாள் இருந்தபோது பூபதி அண்ணன் வந்தார். அவர் தட்டவில்லை, கூப்பிட்டார். திறந்தேன்.

"லாரி வரலீங்க அம்மிணி. எட்டு பம்பு கெடக்குது."

"கெடக்கட்டும்!" என்று கத்திவிட்டேன், அவர் வயசையும் பார்க்கவில்லை, எதையும் பார்க்கவில்லை. "உங்க பம்பு நின்னாலும் கெடந்தாலும் உசுரோட இருக்குங்ணா. தண்ணிக்குள்ள நிக்கறதுக்குன்னே பொறந்தது அது. இது நிக்கறதுக்குப் பொறக்கல. மேல போனா இதுக்குச் சோறு வெயிலு. ஒடம்பெல்லாம் வெயிலைக் குடிக்கற பட்டை ஒட்டியிருக்கறோம், பாத்தீங்கல்ல? வெயிலு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம் திரும்பினாத்தான் குடிக்க முடியும். திரும்பாம நின்னுதுன்னா இருட்டுல, குளுருல, பட்டினி கெடந்து செத்துரும். நாலு வருசம் வளத்து, சாகறதுக்கா அனுப்பறது?"

அவர் பெட்டியைப் பார்த்தார். அதுவரை அதை ஒரு மோட்டாராகத்தான் பார்த்திருந்தார் போல.

"திரும்பலைன்னா செத்துருமா?"

"செத்துரும்."

"அட, அதை மொதல்லயே சொல்லப்படாதுங்களா அம்மிணி!" என்றார், நான் தப்புச் செய்த மாதிரி. எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. சக்கரம், ஜைரோ, ராக்கெட் எல்லாம் ஊருக்கே சொல்லியிருந்தேன். இதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

காற்றைத் திறந்தேன், பெட்டி மிதந்தது. மூலையில் விளக்கைப் போட்டேன். பூபதி அண்ணன் மடியிலிருந்து தன் காசை எடுத்து, தேய்ந்து வழுவழுத்த அந்த ஒற்றை ரூபாயை, பழக்க தோஷத்தில் பெட்டியின் தலையில் விளிம்பில் நிறுத்தினார். அது நின்றது. பெட்டியின்மேல் கைவைத்து, வாயைத் திறந்தார், மூடினார். "அந்த வார்த்தை வரமாட்டேங்குதுங்க," என்றார். வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு குனிந்து, பெட்டிக்கு மட்டும் கேட்கிற மாதிரி மெல்லச் சொன்னார்:

"வெயிலு எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் திரும்பிக்கோ சாமி. காசு விழுந்தா விழுகட்டும்."

"அண்ணா, இருங்க, இருங்க!" என்று ஜமுனா அக்கா வெளியிலிருந்து ஓடி வரும் சத்தம் கேட்டது. "வாசலைக் கெழக்க திருப்பிட்டுச் சொல்லுங்க!"

அதற்குள் திருமூர்த்தி பொத்தானை அழுத்திவிட்டான். சக்கரம் சுழன்றது. காசு ஒருமுறை நடுங்கி, சாய்ந்து, தரையில் விழுந்து உருண்டு என் காலில் வந்து முட்டியது. பூபதி அண்ணன் வாயிலிருந்து தன்னை மீறி ஒரு "ச்சே" வந்தது. நான் ஜைரோவைப் பார்த்தேன். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், பிறகு ஒன்று, பிறகு இரண்டு. ஷட்டர் வழியாக விழுந்திருந்த வெயில் விழுந்த இடத்திலேயே கிடந்தது. தெரு அசையவில்லை. பெட்டி விளக்கைப் பார்த்துத் திரும்பி நின்றது, நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

தெரு கோணலாக நின்றது நின்றபடிதான் இன்றும் நிற்கிறது. மில்காரர்கள் சுவரை இடித்து லாரிக்கு ஒரு வழி விட்டார்கள். யாருக்கும் கிழக்கு வாசல் இல்லை என்று ஆனதால் வாசல் சண்டை ஒழிந்தது. ஹபீபுல்லா பாய் தன் கடைத் தரையில் ஒரு கோடு கீறி வைத்துக்கொண்டார், இனி அது மாறாது. ஜமுனா அக்கா மகள் கல்யாணத்தை மண்டபத்தில் வைத்தார். என்னைக் கூப்பிட்டு, இலையில் இரண்டு ஜிலேபி அதிகமாகவே வைக்கச் சொன்னார், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டார்.

எங்கள் பெட்டியோடு ராக்கெட் போனது. பெட்டியிடமிருந்து முதல் செய்தி வருவதற்காக நானும் திருமூர்த்தியும் ஷெட்டில் காத்திருந்த காலையில், எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு பூபதி அண்ணன் வந்து ஷட்டர் ஓரமாக நின்றார். திரையில் எண்கள் வந்தன. வெயிலைப் பார்த்துத் திரும்பு என்று சொல்லியிருந்தோம். எண்களை இரண்டு முறை படித்தேன்.

"என்னங்க அம்மிணி," என்றார், விற்ற பம்பு ஒவ்வொன்றுக்கும் போனில் கேட்கிற அதே குரலில். "காசு விழுந்துதுங்களா?"

"விழுந்துருச்சுங்ணா."

"அப்பச் சரி," என்று சொல்லிவிட்டு லேத்துக்குப் போனார்.